கொஞ்சம்னா எவ்வளவு? நாய்க்குச் சீஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

"ஒரு நாளைக்கு எவ்வளவு சீஸ் குடுக்கறீங்க?"

"கொஞ்சம்தான் டாக்டர்."

"கொஞ்சம்னா?"

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். ஜிக்குவுக்கு அப்போது பத்து வயது. ஒன்பது கிலோ எடை, குட்டைக் கால், இதய வால்வில் கசிவு. மூன்று வேளையும் மாத்திரை. மாத்திரை அட்டையின் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடுவான். சீஸ் ஸ்லைஸில் சுருட்டி நீட்டினால் மட்டும் மெல்லக்கூட மாட்டான், அப்படியே விழுங்குவான். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன்.

டாக்டர் சீஸ் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மறுநாள் போனில் கணக்கு வந்தது. ஸ்லைஸ் ஒன்று 20 கிராம், மூன்று வேளைக்கு 60 கிராம். பாக்கெட்டில் போட்டிருந்தது 100 கிராமுக்கு 300 கலோரி, 1,300 மில்லிகிராம் சோடியம். ஆக ஜிக்குவுக்குச் சீஸிலிருந்து மட்டும் தினமும் 180 கலோரி, 780 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: சுமார் 2 கிராம். ஒன்பது கிலோ நாய்க்கு நாள் முழுவதற்குமே 550 கலோரி போதும். அதில் மூன்றில் ஒரு பங்கு சீஸாகவே போய்க்கொண்டிருந்தது. அதைவிட மோசம் உப்பு. உடம்பில் தேங்கும் நீரை வெளியே தள்ள ஒரு மாத்திரை. அதைச் சுற்றிக் கொடுத்ததோ நீரைத் தேக்கி வைக்கிற உப்பு. "மருந்து ஒரு பக்கம் இழுக்குது, நீங்க எதிர்ப் பக்கம் இழுக்கறீங்கம்மா" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நாய் சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் 'கொஞ்சம்' என்று யாரும் சொல்லக் கூடாது. கிராமில் சொல்ல வேண்டும். நாயைக் கொஞ்சுகிற நேரத்தில் 'கொஞ்சம்' எங்கே போய் நிற்கும் என்று நமக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் ஒரு கொஞ்சம், மகன் ஒரு கொஞ்சம், மாமியார் யாருக்கும் தெரியாமல் ஒரு கொஞ்சம்.

நாய்க்குச் சீஸ் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கொடுக்கலாம். பெரும்பாலான சீஸ் நாய்க்கு விஷமில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற நாய் ஒரு சின்னத் துண்டு தின்றுவிட்டால் பதற வேண்டாம். ஆனால் பழக்கமாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் எந்தச் சீஸ், எத்தனை கிராம், அதில் வேறு என்ன கலந்திருக்கிறது, உங்கள் நாய்க்கு ஏற்கெனவே என்ன கோளாறு என்ற நான்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சீஸ் ஒத்துக்கொள்ளுமா?

பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். காரணம் லாக்டோஸ். பாலில் இருக்கும் இந்தச் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குட்டியாக இருக்கும்போது நாய்க்கு அது நிறையச் சுரக்கும். தாய்ப்பாலை மறந்த பிறகு படிப்படியாகக் குறைந்துவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கும். வயிறு கடமுடா என்று சத்தம் போடும், வாயு பிரியும், பேதியாகும். எந்த அளவில் இது தொடங்கும் என்பது நாய்க்கு நாய் மாறும். ஒரு கிண்ணம் பாலைக் குடித்துவிட்டு ஜம்மென்று திரிகிற நாயும் உண்டு, இரண்டு நக்கு நக்கிவிட்டு விடிய விடிய வாசலுக்கும் வீட்டுக்கும் அலைகிற நாயும் உண்டு.

சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரியும் நீரோடு லாக்டோஸில் பெரும்பகுதி வெளியேறிவிடும். மிச்சம் இருப்பதை, சீஸ் பதப்படும் மாதங்களில் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். அதனால்தான் செடார், பார்மேசான், சுவிஸ் போன்ற நாள்பட்ட கெட்டிச் சீஸ்களில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பசும்பாலில் 100 கிராமுக்கு 5 கிராம் போல இருக்கும். காட்டேஜ் சீஸ், ரிகோட்டா போல உடனே செய்து உடனே தின்கிற மென்மையான வகைகளில் 3 கிராம் அளவுக்குத் தங்கிவிடும். ஆட்டுப்பால் சீஸ் என்றால் லாக்டோஸே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் உண்டு, அளவில் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

லாக்டோஸ் வேறு, பால் புரத ஒவ்வாமை வேறு. நாய்களுக்கு உணவால் வரும் ஒவ்வாமைகளில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை இந்த நான்கும்தான் அடிக்கடி பிடிபடுகின்றன. நாய் பாதத்தை ஓயாமல் நக்குகிறது, காது மறுபடி மறுபடி புண்ணாகிறது, வயிற்றுத் தோல் சிவக்கிறது என்றால் எவ்வளவு பழைய செடாரானாலும் உதவாது. புரதம் அதில் அப்படியேதான் இருக்கும். டாக்டர் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கச் சந்தேகப்படும் பொருள்களை விலக்கிய உணவு கொடுத்துப் பார்க்கும் எட்டு வாரமும் ஒரு துளி சீஸ்கூடக் கூடாது. மூன்றாவது வாரம் மாமியார் ஊட்டிய ஒரே ஒரு துண்டு முழுச் சோதனையையும் கெடுத்துவிடும்.

கொழுப்பும் உப்பும்

லாக்டோஸ் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் பயப்படுவது கொழுப்புக்கு. செடாரில் 100 கிராமுக்கு 33 கிராம் கொழுப்பு, 400 கலோரி. கிரீம் சீஸிலும் ஏறக்குறைய அதே அளவு கொழுப்பு, புரதமோ சொற்பம். கொழுப்புக் கூடிய சாப்பாடு ஒரே நேரத்தில் நிறைய உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும். சாப்பாட்டைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி, அந்த உறுப்பையே அரிக்க ஆரம்பிக்கும். இதுதான் கணைய அழற்சி. உயிருக்கே ஆபத்தாகலாம். மினியேச்சர் ஷ்னாசர் வகை நாய்களுக்கு இரத்தத்தில் கொழுப்பு பிறவியிலேயே கூடுதலாக இருப்பது அடிக்கடி காணப்படுவதால் அவற்றுக்கு ஆபத்து அதிகம். யார்க்‌ஷயர் டெரியர், காக்கர் ஸ்பானியல் இரண்டிலும் கவனம் தேவை. எந்த இனமானாலும் குண்டாக இருந்தாலோ, முன்பு ஒரு தடவை கணையக் கோளாறு வந்திருந்தாலோ சீஸ் என்ற பேச்சே வேண்டாம்.

சரி, கொழுப்புக் குறைந்த சீஸாகப் பார்த்து வாங்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் காட்டேஜ் சீஸுக்குத் தாவினேன். 100 கிராமுக்கு 100 கலோரி, 4 கிராம் கொழுப்பு. கண்ணுக்கு அழகான எண்கள். ஆனால் லாக்டோஸ் அதில் கூடுதல் என்று மேலேயே சொன்னேன். உப்பு இன்னொரு கதை. ஜிக்குவின் டாக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு இது: இதய நோயுள்ள நாய்க்குத் தின்பண்டம் தேடும்போது, 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்று பார்க்காதே, 100 கலோரிக்கு எவ்வளவு என்று பார். அது 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பாக்கெட்டில் உள்ள சோடியத்தைக் கலோரியால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைத்துவிடும்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்து கையில் கிடைத்த பாக்கெட் எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்தேன். நான் கொடுத்துவந்த ஸ்லைஸ் 430. ஃபெட்டா 400-ஐத் தாண்டியது. பார்மேசான் 300-க்கு மேல். சாதுவாகத் தெரிந்த காட்டேஜ் சீஸும் 320. செடார் 160. இத்தனையில் தேறியது சுவிஸ் சீஸ் ஒன்றுதான், ஏறக்குறைய 50. பெரிய பெரிய ஓட்டைகளோடு இருக்குமே அதுதான். லாக்டோஸும் அதில் இல்லை. கொழுப்பு மட்டும் செடாரைப் போலவே. ஒன்றில் தப்பினால் இன்னொன்று பிடித்துக்கொள்கிற பொருள் சீஸ். உங்கள் நாய்க்கு எது தொந்தரவு என்று பார்த்துத்தான் வகையைத் தேர்ந்தெடுக்க முடியும். எல்லா நாய்க்கும் சிறந்த சீஸ் என்று ஒன்று கிடையாது.

உப்பைச் சொன்னதும் பயந்துவிடவும் வேண்டாம். நல்ல இதயம், நல்ல சிறுநீரகம், தாராளமாகத் தண்ணீர் இருக்கிற நாய்க்கு ஒரு துண்டுச் சீஸில் இருக்கும் உப்பு ஒன்றும் செய்யாது. உப்பு நஞ்சாவதற்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 2 கிராமுக்கு மேல் உள்ளே போக வேண்டும். பத்து கிலோ நாய் அதற்கு ஒரு கிலோவுக்கும் அதிகமாகச் செடார் தின்ன வேண்டியிருக்கும். நான் சொல்வதெல்லாம் இதயமோ சிறுநீரகமோ தளர்ந்த நாய்களுக்குத் தினமும் சேர்கிற உப்பைப் பற்றி. சிறுநீரகம் பழுதான நாய்க்குச் சீஸில் உள்ள பாஸ்பரஸும் சுமை.

எத்தனை கிராம்?

தின்பண்டம் என்று கொடுப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சீஸ் மட்டுமல்ல, பிஸ்கட், பல்லுக்கான குச்சி, நம் தட்டிலிருந்து நழுவுவது எல்லாம் அந்தப் பத்தில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். வேறு எதுவும் கொடுக்காமல் செடார் மட்டும் கொடுத்தால் உச்சவரம்பு ஏறக்குறைய இப்படி வரும்: 5 கிலோ நாய்க்கு 9 கிராம், 10 கிலோவுக்கு 15 கிராம், 20 கிலோவுக்கு 26 கிராம், 30 கிலோவுக்கு 35 கிராம். நாயின் எடை இரட்டித்தால் சீஸும் இரட்டிக்காது என்பதைக் கவனியுங்கள். பெரிய நாய்க்கு ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் கலோரி சின்ன நாயைவிடக் குறைவு.

இது உச்சவரம்பு. எங்கள் இன்னொரு நாய் கருப்பனுக்கு நான் கொடுத்துவந்தது இதில் கால் பங்கு, அதுவும் தினமும் இல்லை.

ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள செடார் கட்டி ஒரு கிராமைச் சற்றுத் தாண்டும், நான்கரைக் கலோரி. மூன்று பக்கமும் நடுவில் வெட்டினால் அதே கட்டி எட்டுத் துண்டாகும். பயிற்சிக்கு அந்தப் பொடித் துண்டே போதும். நாய் மூக்கால்தான் சுவைக்கிறது. துண்டு எவ்வளவு பெரியது என்று அது பார்ப்பதில்லை, எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் அதற்குக் கணக்கு. கருப்பனுக்கு 'வா' என்றால் வரப் பழக்கியது முழுக்க இந்தப் பொடிச் சீஸால்தான். இருபது தடவை கூப்பிட்டு இருபது துண்டு கொடுத்தாலும் 11 கலோரிதான் ஆனது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே வெட்டினால் உதிராமல் வரும். விரல் சூட்டில் சீக்கிரம் பிசுபிசுக்கும் என்பதால் சின்ன மூடி போட்ட டப்பாவில் கொண்டுபோங்கள், சட்டைப் பையில் போடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு சட்டையைப் பையோடு சேர்த்துக் கருப்பனே துவைத்து முடித்திருக்கிறான்.

வீட்டில் நான்கு பேர் இருந்தால் கணக்கு கைநழுவத்தான் செய்யும். நாங்கள் கண்ட வழி: காலையில் அன்றைய பங்கைத் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுவோம். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். சமையலறைத் தராசு ஒரு கிராம் வரை காட்டினால் போதும்.

கொடுக்கவே கூடாதவை

நீலச் சீஸ் முதலாவது. ரோக்ஃபோர்ட், ஸ்டில்டன், கோர்கொன்சோலா என்று பெயர் எதுவானாலும் உள்ளே நீலப் பச்சைக் கோடு ஓடினால் நாய்க்குக் கிடையாது. அந்தக் கோடு பெனிசிலியம் ரோக்ஃபோர்டி என்ற பூஞ்சை. அது உண்டாக்கும் ரோக்ஃபோர்டின் சி என்ற பொருள் நாய்களை எளிதில் தாக்கும். வாந்தி, பேதி, காய்ச்சல், நடுக்கம், அளவு அதிகமானால் வலிப்பு வரைக்கும் போகலாம். நமக்குச் செய்யாததால் நாய்க்கும் செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது.

அதைவிட ஆபத்து, கெட்டுப்போய்ப் பூஞ்சை பிடித்த சீஸ். பூஞ்சையைச் சீவிவிட்டு நாம் தின்போம், சீவியதைக் குப்பைக் கூடையில் போடுவோம், நாய் கூடையைக் கவிழ்க்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் பெனிட்ரெம் ஏ நேராக நரம்பு மண்டலத்தைத் தாக்கும். அரை மணி நேரத்திலேயேகூட உடம்பு வெடவெடக்க ஆரம்பிக்கலாம். பழுதான சீஸைக் கட்டி, மூடி இறுக்கமான கூடையில் போடுங்கள்.

மூன்றாவது, பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாள் கலந்த சீஸ். இவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தூளாக இருந்தால் வீரியம் இன்னும் கூடுதல். இதில் பொல்லாத விஷயம், அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளிறும், நாய் சோர்ந்து படுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். அதற்குள் சீஸ் கொடுத்ததையே நாம் மறந்திருப்போம். உலர்திராட்சை சேர்த்த சீஸ் சிறுநீரகத்துக்குக் கேடு. மக்காடாமியா கொட்டை பதித்ததும் வேண்டாம். சீஸ்கேக்கில் சாக்லெட் இருக்கலாம், சர்க்கரை இல்லாத வகை என்றால் சைலிட்டால் இருக்கலாம். சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். பொருள் பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள்.

பிரீ, கேமம்பேர் போன்ற வெண்பூஞ்சைத் தோல் உள்ளவை நீலச் சீஸ் வகை இல்லை. ஆனாலும் கொழுப்பு மிகுதி, நான் கொடுப்பதில்லை. பொரித்த சீஸ், சீஸ் சுவையூட்டிய நொறுக்குத்தீனி இரண்டையும் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மெழுகுத் தோல், பிளாஸ்டிக் உறை, விருந்தில் சீஸோடு குத்திவைக்கும் பல்குச்சி இவை சீஸைவிட ஆபத்து. காய்ந்த கல் போன்ற சீஸ் கட்டிகளை எலும்பு மாதிரி மெல்லக் கொடுப்பவர்கள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை என்றால் பல் உடைகிற அளவுக்குக் கெட்டி என்று அர்த்தம்.

முதல் தடவை

சீஸே தின்றிராத நாய்க்கு ஒரு பட்டாணி அளவு. நாள்பட்ட, எதுவும் கலக்காத சீஸாக இருக்கட்டும். அன்றும் மறுநாளும் புதிதாக வேறு எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும். மலம் எப்படிப் போகிறது, வயிறு உப்புகிறதா, சொறிகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். காலையில் கொடுப்பது நல்லது. ராத்திரி கொடுத்தால் பேதியை நடுச்சாமத்தில் கண்டுபிடிப்பது உங்கள் பாதமாகத்தான் இருக்கும். எனக்கு நேர்ந்தது.

குட்டிகளுக்கு லாக்டோஸ் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் வயிறு சின்னது. சீஸ் அடைத்துக்கொண்டால் வளர்ச்சிக்குரிய சாப்பாட்டுக்கு இடமிருக்காது. பெரிதாக வளரும் இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிகுந்தால் எலும்பு வளர்ச்சி கோணும். பயிற்சிக்குப் பொடித் துண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

மாத்திரை வைத்துக் கொடுப்பது

இதை நான் விடவில்லை, முறையை மாற்றிக்கொண்டேன். முதலில், அந்த மாத்திரை சீஸோடு சேரலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகளும் என்ரோஃப்ளாக்சசினும் சீஸில் இருக்கும் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும், மருந்து இரத்தத்துக்குப் போவது குறையும். வயதான நாய்களின் மறதி நோய்க்குக் கொடுக்கும் செலிஜிலின் மாத்திரையை நாள்பட்ட சீஸில் வைக்கும் முன்னும் கேளுங்கள். அந்த மருந்தோடு ஒத்துப்போகாமல் போகக்கூடிய டைரமின் என்ற பொருள் அந்தச் சீஸ்களில் கூடுதல். ஜிக்குவுக்கு எழுதிய இதய மருந்து பைமோபென்டன், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டிய மாத்திரை. நானோ எட்டு மாதம் ஸ்லைஸில் சுருட்டி ஊட்டியிருக்கிறேன்.

சேரலாம் என்றால் இப்படிச் செய்யுங்கள். சுவிஸ் சீஸை விரலில் உருட்டி இளக்கி மூன்று சின்ன உருண்டை பிடியுங்கள். மாத்திரையைத் தொடும் கை வேறு, சீஸைத் தொடும் கை வேறாக இருக்கட்டும். உருண்டைக்கு வெளியே மருந்து வாசம் ஏறினால் அத்தோடு நம்பிக்கை போச்சு. முதல் உருண்டை வெறும் சீஸ். இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டுங்கள். மூன்றாவதைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டாவது உள்ளே போய்விடும். ஜிக்குவுக்கு மூன்று உருண்டையும் சேர்த்து 3 கிராம். மூன்று வேளைக்கும் சேர்த்தே 9 கிராம், சோடியம் 20 மில்லிகிராமுக்குள். பழைய 780-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் வயிற்று மாத்திரையை மட்டும் அவன் வாயைத் திறந்து நாக்கின் பின்கோடியில் வைத்துவிட்டு, பின்னாலேயே ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் — மன்னிக்கவும், 5 மில்லி — தண்ணீர் கன்னத்தோரமாக விடுவேன்.

மாத்திரையைப் பொடித்துச் சீஸில் பிசையலாமா என்றால், கேட்காமல் செய்யாதீர்கள். சில மாத்திரைகளின் மேல்பூச்சே மருந்து மெதுவாகக் கரைவதற்காக இருப்பது.

கட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டால்

கருப்பன் செய்தான். 22 கிலோ, இரண்டு வயது, எட்டாத உயரம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. மேடை மேல் வைத்திருந்த செடார் கட்டியில் 150 கிராம் போல, உறையில் பாதியோடு சேர்த்து, நான் போன் பேசி முடிப்பதற்குள் காலி. 600 கலோரி, 50 கிராம் கொழுப்பு. அவனுடைய ஒரு நாள் சாப்பாட்டில் பாதி.

சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தான். ராத்திரி இரண்டு தடவை வாந்தி, அதில் பிளாஸ்டிக் துண்டு. காலையில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தான். பிறகு முன்னங்கால் இரண்டையும் நீட்டி, மார்பைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி நின்றான். விளையாடக் கூப்பிடுகிறான் என்று என் வீட்டுக்காரர் பந்தை எடுத்து உருட்டினார். பந்தைப் பார்க்கக்கூட இல்லை. வால் ஆடவில்லை, அப்படியே உறைந்து நின்றான். விளையாடக் கூப்பிடும் நாய் இரண்டு நொடியில் துள்ளி எழும். வயிற்று வலிக்காக அப்படி நிற்கிற நாய் நின்றபடியே நிற்கும், முதுகைக் கூனும், வயிற்றைத் தொட்டால் இறுக்கும். அந்த வித்தியாசம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரத்தப் பரிசோதனையில் கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதியான லைப்பேஸ் ஏறியிருந்தது. இரண்டு நாள் டிரிப், வலிக்கு மருந்து, பிறகு ஒரு மாதம் கொழுப்பில்லாத சாப்பாடு. பிழைத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டில் நடந்தால் முதலில் உறையைத் தேடி எடுங்கள்: எந்தச் சீஸ், என்ன கலந்தது, எத்தனை கிராம் காணவில்லை, உறை முழுதாக இருக்கிறதா. நீலச் சீஸ், பூஞ்சை பிடித்தது, பூண்டு வெங்காயம் சேர்ந்தது, திராட்சை, சாக்லெட், சைலிட்டால் இவற்றில் ஒன்று என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். வெறும் சீஸ்தான், ஆனால் நிறையத் தின்றுவிட்டது என்றாலும் ஒரு போன் போட்டுவிடுங்கள். அன்றைய மிச்சச் சாப்பாட்டைப் பற்றி அவரே சொல்வார். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள். சீஸ் தராத உப்பு நஞ்சை அந்தக் கரைசல் தந்துவிடும். நடுங்குகிற நாய்க்கு வாய்வழியாக எதையுமே கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். நடுக்கம், தள்ளாட்டம், திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் இரத்தம், நான் சொன்ன அந்த நிற்கும் கோலம், ஒரு நாளைத் தாண்டிய பேதி இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்கு. குட்டி, கிழட்டு நாய், மிகச் சின்ன இனம் என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். உடம்பில் நீர் வற்றுவது அவற்றுக்கு வேகம்.

ஜிக்கு அந்த மூன்று உருண்டைகளோடு இன்னும் இரண்டரை வருடம் இருந்தான். கணையம் வீங்கிய பிறகு கருப்பனுக்குச் சீஸ் அடியோடு நின்றுவிட்டது. பயிற்சிக்கு இப்போது தோல் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழி, அதே பொடித் துண்டுகளாக. டப்பா மட்டும் மாறவில்லை. மாமியார்தான் காலையில் தராசில் நிறுத்துப் போடுகிறார். இரண்டு கிராம் கூடுதலாகப் போடுகிறார் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவே அவரிடம் அளவைச் சொல்லும்போது நான் இரண்டு கிராம் குறைத்துச் சொல்கிறேன்.